நான்கு பலூன்களும் ஒரு துளித் தண்ணீரும்

(நம் சங்கத்தின் குடும்பச் சந்திப்பில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன முறை இதே இடத்தில் நின்று வருமான வரிப் படிவம் நிரப்புவது பற்றிப் பேசினேன். அதற்கு முந்தின முறை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். இந்த முறை அறிவிப்புப் பலகையில் "மூலக்கூறுகளின் வடிவம்" என்று பார்த்ததும் நம் பொருளாளர் லிஃப்டில் என்னை நிறுத்தி, "சார், நீங்க பி.காம். ஆச்சே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், நம் குடியிருப்பில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் அவள் அம்மாவுடன் என் வீட்டுக்கு வந்தாள். பெயர் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அங்கிள், நான் காமர்ஸ் குரூப்புக்கு மாறிக்கலாமான்னு பார்க்கிறேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். வேதியியல் நோட்டை எடுத்து நீட்டினாள். ஒரு பக்கம் முழுக்க அட்டவணை. முதல் கட்டத்தில் பொருளின் பெயர், இரண்டாவதில் வடிவம், மூன்றாவதில் கோணம். நேர்கோடு, 180 டிகிரி. முக்கோணம், 120 டிகிரி. நான்முகி, 109.5 டிகிரி. அப்படியே கீழே போகிறது. எல்லாவற்றையும் உருப்போட்டுவிட்டுப் போய், தேர்வில் இரண்டை இடம் மாற்றி எழுதிவிட்டாள். "எனக்கு மனப்பாடம் வராது அங்கிள், அதனால சயின்ஸ் வராது" என்றாள்.

காமர்ஸ் என்பது சயின்ஸ் வராதவர்கள் வந்து தங்கும் சத்திரம் இல்லை. ஆசைப்பட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் வரட்டும். ஆனால் பயந்து ஓடி வரக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் நானே அப்படி ஓடி வந்தவன். பி.யூ.சி.யில் முதல் குரூப் எடுத்தேன். ஒரு நாள் வகுப்பில், தண்ணீர் மூலக்கூறு நடுவில் வளைந்திருக்கும் என்று சொன்னார்கள். "ஏன் சார் வளையணும்? நேரா இருந்தா என்ன?" என்று எழுந்து கேட்டேன். "புத்தகத்துல அப்படித்தான் இருக்கு, உட்காரு" என்றார் ஆசிரியர். எழுபது பேர் இருந்த வகுப்பு, பாடத்தையும் முடித்தாக வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்தவன், வேதியியலைப் பொறுத்தவரை பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்தப் பெண் நோட்டை நீட்டியபோது அதே கேள்வி திரும்பி வந்தது. அவளுடைய பாடப் புத்தகத்தையே வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் படித்தேன். அந்த அட்டவணையை யாரும் உருப்போட வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் நாமே எழுதிவிடலாம். அது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில், வடிவம் எதற்குத் தெரிய வேண்டும்? எச்-டூ-ஓ என்றால் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். இது நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கில் மொத்தத் தொகை மாதிரி. எவ்வளவு என்று சொல்லும், எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லாது. தண்ணீரிலும் மூன்று அணு, சோடாவில் பொங்குகிற கார்பன் டை ஆக்சைடிலும் மூன்று அணு. எடை போட்டால் தண்ணீர் மூலக்கூறு 18, கார்பன் டை ஆக்சைடு 44. கனமானது கீழே தங்க வேண்டும், லேசானது பறக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? நடப்பது தலைகீழ். கனமானது வாயுவாகத் திரிகிறது. லேசான தண்ணீர் சம்ப்பில் கிடக்கிறது. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வடிவத்துக்கு. ஒன்று நேர்கோடு, மற்றொன்று வளைவு.

அணுக்கள் வெளியில் ஓர் ஒழுங்கோடு நிற்கின்றன என்று முதலில் துணிந்து சொன்னவர்கள் இரண்டு இளைஞர்கள். 1874இல், ஹாலந்தைச் சேர்ந்த வான்ட் ஹாஃபும் பிரான்சைச் சேர்ந்த லெ பெலும், ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமலேயே, கார்பனின் நான்கு கைகளும் தாளில் வரைவதுபோலத் தட்டையாக இல்லை, நான்கு மூலைகளை நோக்கி வெளியில் விரிந்திருக்கின்றன என்று எழுதினார்கள். அப்போது வான்ட் ஹாஃபுக்கு வயது 22. ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர் கோல்பே இதை வெறும் கற்பனை என்று கேலி செய்தார். 1901இல் வேதியியலுக்கு முதன்முதலாக நோபல் பரிசு கொடுத்தபோது, அதை வாங்கியவர் அதே வான்ட் ஹாஃப்தான். அது வேறொரு ஆய்வுக்காக. ஆனால், கைகள் ஏன் அப்படி விரிகின்றன என்பதற்கு அவர்களிடமும் பதில் இல்லை. அப்போது எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை.

1916இல் அமெரிக்காவில் லூயிஸ் என்பவர் அடுத்த படியைப் போட்டார். இரண்டு அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பது ஒரு ஜோடி எலக்ட்ரான் என்றார். இங்கே என் வங்கி அனுபவம் கைகொடுத்தது. இதை ஜாயின்ட் அக்கவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் ஒரு ரூபாய், மனைவி ஒரு ரூபாய் போடுகிறார்கள். இரண்டு ரூபாயும் இருவருக்கும் சொந்தம். அணுக்களும் அப்படியே. ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் போட்டு, அந்த ஜோடியை இருவர் கணக்கிலும் எழுதிக்கொள்கின்றன. இதற்குப் பிணைப்பு ஜோடி என்று பெயர். யாருடனும் பங்கு போடாமல் ஓர் அணு தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஜோடியும் உண்டு. அது தனிக் கணக்கு, அதாவது தனித்த ஜோடி. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் போன்றவை வெளிவட்டத்தில் எட்டு எலக்ட்ரான் காட்ட விரும்பும். அது மினிமம் பேலன்ஸ்.

இனி பலூனுக்கு வருவோம். நேற்று மாலை கடற்கரைச் சாலையில் வாங்கியவை. குழந்தைகளே, வாருங்கள்.

ஒரே அளவில் ஊதிய இரண்டு பலூன்களின் வாயைச் சேர்த்துக் கட்டுகிறோம். ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று எதிர்ப்பக்கம். நேர்கோடு, 180 டிகிரி. மூன்றைக் கட்டுகிறோம். முக்கோணம், நடுவில் 120 டிகிரி. இப்போது நான்கு. கட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள், எப்படி நிற்கும்? கூட்டல் குறி மாதிரி என்று மூன்று பேர் சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டிப் பாருங்கள். கூட்டல் குறி வரவில்லை. மூன்று பலூன் கீழே முக்காலி போல, ஒன்று மேலே. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதே முக்காலி. நெருஞ்சி முள் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்க்குமே, அதுபோல. துறைமுகங்களில் அலைத் தடுப்புக்குப் போடும் நான்கு கால் கான்கிரீட்டைப் பார்த்தவர்களுக்கும் இது தெரிந்த வடிவம். கூட்டல் குறியில் இரண்டு பலூனுக்கு நடுவே 90 டிகிரிதான். இந்த வடிவத்தில் 109.5 டிகிரி. தரையில் போடும் கோலத்தில் இதற்கு இடமில்லை, அறைக்குள் இடமிருக்கிறது. பலூன்கள் அந்த இடத்தைத் தாமே எடுத்துக்கொண்டன.

பலூனுக்குக் கணிதம் தெரியாது. ஒன்றை ஒன்று நெருக்காமல், முடிந்தவரை தள்ளி நிற்கப் பார்க்கிறது. எலக்ட்ரான் ஜோடிகளும் அப்படியே. அவை எல்லாம் எதிர்மின், ஒன்றை ஒன்று தள்ளும். அதற்கும் மேலாக, ஒரு ஜோடி இருக்கும் இடத்தில் இன்னொரு ஜோடி குடியேற முடியாது என்று பாலி வகுத்த விதி ஒன்று இருக்கிறது. ஒரு ஃபிளாட்டில் ஒரு குடும்பம் மாதிரி. ஆகவே நடு அணுவைச் சுற்றி எத்தனை ஜோடி என்று எண்ணிவிட்டால், அவை எப்படி நிற்கும் என்பது தெரிந்துவிடும்.

எண்ணிப் பார்ப்போம். மீத்தேனில் கார்பனின் சொந்த எலக்ட்ரான் நான்கு. நான்கு ஹைட்ரஜன் ஆளுக்கு ஒன்று. மொத்தம் எட்டு, அதாவது நான்கு ஜோடி. நான்கு பலூன் வடிவம், 109.5 டிகிரி. லெ பெலும் வான்ட் ஹாஃபும் சொன்ன நான்கு மூலை இதுதான்.

அடுத்தது அம்மோனியா. ஐஸ் தொழிற்சாலைப் பக்கம் போனால் மூக்கில் ஏறுமே, அதே வாயு. நைட்ரஜனுக்குச் சொந்தமாக ஐந்து, மூன்று ஹைட்ரஜன் கொடுப்பது மூன்று. மொத்தம் எட்டு, மறுபடியும் நான்கு ஜோடி. ஆனால் மூன்றுதான் ஜாயின்ட் அக்கவுண்ட். நான்காவது தனிக் கணக்கு. நான்கு பலூன் வடிவத்தில் ஒரு பலூனின் முனையில் அணு இல்லை. அணுக்களை மட்டும் பார்த்தால் முக்காலி தெரியும். மேலே உட்கார்ந்திருக்கும் ஜோடி தெரியாது. அந்த ஜோடி இல்லாவிட்டால் மூன்று கால்களும் விரிந்து தட்டையாகப் படுத்துவிடும்.

இனி தண்ணீர். ஆக்சிஜனுக்கு ஆறு, இரண்டு ஹைட்ரஜன் கொடுப்பது இரண்டு. எட்டு, நான்கு ஜோடி. இரண்டு ஜாயின்ட் அக்கவுண்ட், இரண்டு தனிக் கணக்கு. நான்கு மூலையில் இரண்டில் மட்டும் ஹைட்ரஜன். எந்த இரண்டு மூலையை எடுத்தாலும் நேர்கோடு வராது, வளைவுதான் வரும். பி.யூ.சி. வகுப்பில் எழுந்து நின்று கேட்ட கேள்விக்கு, அறுபது வயதுக்கு மேல் கிடைத்த பதில் இது. தண்ணீரை வளைத்திருப்பது, படத்தில் யாரும் வரையாத அந்த இரண்டு ஜோடிகள்.

அந்தப் பெண் இங்கே குறுக்கிட்டாள். "அப்படின்னா தண்ணிக்கும் 109.5 தானே வரணும்? ஏன் 104.5?" என்றாள். நல்ல கேள்வி. பிணைப்பு ஜோடியை இரண்டு பக்கமும் இரண்டு அணுக்கரு இழுத்துப் பிடிக்கின்றன. அது ஒல்லியாக நீண்டிருக்கும். தனித்த ஜோடியை ஒரே அணுக்கருதான் பிடிக்கிறது. அது நடு அணுவை ஒட்டிப் பருத்துக் கிடக்கும். பேருந்தில் மூன்று பேர் சீட்டில் ஒருவர் பருமனாக இருந்தால் மற்ற இருவரும் ஒட்டி உட்கார வேண்டியிருக்குமே, அதே கதை. அம்மோனியாவில் பருமனான ஆள் ஒருவர், கோணம் 107. தண்ணீரில் இருவர், கோணம் 104.5. அட்டவணையில் தனித்தனி எண்களாகத் தெரிந்த மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று படிகள்.

கார்பன் டை ஆக்சைடில் கார்பனின் நான்கு எலக்ட்ரானும் செலவாகிவிடுகின்றன. ஒவ்வோர் ஆக்சிஜனோடும் இரட்டை ஜாயின்ட் அக்கவுண்ட். ஒரே ஆளோடு இருக்கும் இரண்டு கணக்கும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும், அதனால் அதை ஒரு பலூனாகக் கொள்ளலாம். மொத்தம் இரண்டு பலூன், தனித்த ஜோடி கிடையாது. நேர்கோடு.

இந்தக் கணக்கின் முதல் வடிவத்தை 1940இல் இங்கிலாந்தில் சிட்விக், பவல் இருவரும் சொன்னார்கள். 1957இல் கில்லெஸ்பி, நைஹோம் இருவரும் அதை ஒழுங்கான விதியாக்கினார்கள். பிள்ளைகளின் புத்தகத்தில் வி.எஸ்.இ.பி.ஆர். என்று பயமுறுத்துவது இதுதான். இணைதிறக் கூட்டில் இருக்கும் எலக்ட்ரான் ஜோடிகள் ஒன்றை ஒன்று விலக்கும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எல்லா இடத்துக்கும் இது செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிக்கல், செம்பு போன்ற உலோகங்கள் நடுவில் இருந்தால் இந்த எண்ணிக்கை மட்டும் போதாது. ஆனால் பிளஸ் ஒன் அட்டவணைக்குத் தாராளமாகப் போதும்.

சரி, வளைந்தால் என்ன ஆகிறது? ஆக்சிஜன் கொஞ்சம் பேராசைக்காரன். ஜாயின்ட் அக்கவுண்டில் இருக்கும் எலக்ட்ரான்களைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்ளும். வீராம்பட்டினம் தேரை நினைத்துப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு வடம், சற்றே விரிந்த கோணத்தில், இரண்டு கூட்டமும் இழுத்தால் தேர் முன்னால் நகரும். ஒரு வடத்தை முன்பக்கமும் இன்னொன்றைப் பின்பக்கமும் கட்டிச் சமமாக இழுத்தால் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். கார்பன் டை ஆக்சைடு இந்த இரண்டாவது வகை. இழுப்பு இரு புறமும் சமம். தண்ணீர் முதல் வகை. ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின். அதனால் ஒரு தண்ணீர் மூலக்கூறின் தலை, அடுத்ததன் காலைப் பிடித்துக்கொள்கிறது. லேசானதாக இருந்தும் பறந்துபோகாமல் சம்ப்பில் கிடக்கிறதே, அது இந்தப் பிடியால்.

உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் இதை நம்பித்தான் ஓடுகிறது. உள்ளே மின்புலம் வினாடிக்குச் சுமார் 245 கோடி முறை திசை மாறி மாறி அலைகிறது. தலையும் காலும் வேறு வேறு மின்னாக இருப்பதால் தண்ணீர் மூலக்கூறு கூடவே திரும்பப் பார்க்கிறது. பக்கத்தில் உள்ளதோடு இடித்துக்கொள்கிறது, சூடாகிறது. நேர்கோடாக இருந்தால் அந்த மின்புலம் பிடித்துத் திருப்ப ஒன்றும் இருக்காது.

இதே குணம் நமக்கு ஒரு தலைவலியையும் கொடுக்கிறது. உப்பைத் தேங்காய் எண்ணெயில் போட்டுக் கலக்கிப் பாருங்கள், அடியில் கிடக்கும். தண்ணீரில் போட்டால் காணாமல் போகும். உப்பில் இருக்கும் சோடியம் நேர்மின். தண்ணீர் தன் ஆக்சிஜன் பக்கத்தைக் காட்டி அதைச் சூழ்ந்துகொள்ளும். குளோரைடு எதிர்மின். அதற்கு ஹைட்ரஜன் பக்கத்தைக் காட்டும். வளைந்த தண்ணீருக்கு உப்பை வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பது அதனால்தான். கரைந்தபின் வடிகட்டினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் அழுத்தம் கொடுத்து, தண்ணீரைச் சவ்வு வழியாகத் தள்ளித்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் ஒரு பங்கு கழிவாகப் போகிறது.

நம் ஊர் கடலை ஒட்டிய ஊர். கடலோர நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஒரு தோராயக் கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு மீட்டரை நாம் உறிஞ்சிவிட்டால், கீழே 40 மீட்டர் உப்பு ஏறும். வட்டிக் கணக்கில்கூட இவ்வளவு கொடுமை நான் பார்த்ததில்லை. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் மழைநீர் சேகரிப்புக் குழிகளைத் தூர் வாரிவிடுங்கள். போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கு இரண்டு முறை சோதித்து, அந்த எண்ணை இந்த இதழிலேயே போடுங்கள். எண் ஏறுவது கண்ணில் பட்டால்தான் மோட்டார் சுவிட்சில் கை தயங்கும்.

கடைசியாக, இந்த எலக்ட்ரான் ஜோடிக் கணக்கு நம் பக்கத்திலேயே எவ்வளவு தூரம் போனது என்று சொல்ல வேண்டும். 1954ஆம் ஆண்டு புதுச்சேரிக்காரர்களுக்கு மறக்க முடியாத ஆண்டு. அக்டோபரில் கீழூர் வாக்கெடுப்பு, நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அதே ஆண்டு சென்னையிலிருந்து ஒரு சிறிய கட்டுரை, நேச்சர் என்ற உலகப் புகழ்பெற்ற இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்தவர், சர் சி.வி.ராமனின் மாணவர். 1952இல், சுமார் முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பொறுப்புக்கு வந்தார். அப்போது அங்கே வந்த பெர்னால் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொலாஜன் வேறெங்கும் இல்லை. நம் தோல், எலும்பு, தசைநாண், எனக்கும் இங்கே பல பேருக்கும் மாடிப்படியில் சத்தம் போடுகிற மூட்டுக் குருத்தெலும்பு, எல்லாவற்றிலும் இருப்பது அது. தோல் பதனிடும் தொழிலுக்கும் அதுவே மூலப்பொருள். சென்னையிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாகப் போயிற்று. கங்காரு வாலின் தசைநாண்வரை தேடி எடுத்து எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். மூன்று இழைகளைப் பின்னிய கயிறு போன்றது கொலாஜன் என்று கண்டார்கள்.

இதில் எலக்ட்ரான் ஜோடி எங்கே வருகிறது? புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நைட்ரஜன் உண்டு. அம்மோனியாவைப் போலவே மூன்று கை, ஒரு தனித்த ஜோடி. பலூன் கணக்குப்படி முக்காலியாக நிற்க வேண்டும். ஆனால் பக்கத்தில் இரட்டைக் கணக்கு வைத்திருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் இருக்கின்றன. நைட்ரஜன் தன் தனிக் கணக்கில் ஒரு பங்கை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. தனித்த ஜோடி தனித்து நிற்காததால் முக்காலி படுத்துவிடுகிறது. அந்த இணைப்பு தட்டையாக, திருக முடியாததாக ஆகிவிடுகிறது. இதைப் பாலிங், கோரி என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் முன்பே காட்டியிருந்தார்கள். ஆகவே புரதச் சங்கிலி என்பது, தட்டையான விசிட்டிங் கார்டுகளை முனையோடு முனை கோத்தது போல. ஒவ்வொரு முனையிலும் திரும்பக்கூடிய கீல் இரண்டே இரண்டு.

சென்னைக் குழுவின் கொலாஜன் வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று இங்கிலாந்தில் கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்ட அதே கிரிக். ராமச்சந்திரன் சும்மா இருக்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை வெளிவந்த படிக ஆய்வுகளை எல்லாம் துருவினார். பிறகு ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, அந்த இரண்டு கீல்களின் கோணங்களை ஒரு சதுரக் கட்டத்தில் போட்டு, எங்கெல்லாம் அணுக்கள் முட்டிக்கொள்ளுமோ அதையெல்லாம் அடித்துவிட்டார். கட்டத்தின் பெரும்பகுதி அடிபட்டுப் போயிற்று. மிஞ்சிய சில திட்டுகளில்தான் புரதங்கள் வாழ முடியும். 1963இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு உலகம் முழுவதும் ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். இன்றும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டதாகச் சொல்பவர்கள், அதை இந்தப் படத்தில் போட்டுச் சரிபார்க்கிறார்கள். வங்கியில் நாங்கள் மாலையில் கணக்கை டேலி செய்வது மாதிரி.

சாலையில் மூன்று மணி நேரத் தூரத்தில் நடந்த வேலை இது. நான் பி.யூ.சி. வகுப்பில் உட்கார்ந்தபோது, இது நடந்து பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். போன வாரம் அவளிடம் நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, குளோரின் ட்ரைஃபுளோரைடு என்ன வடிவம் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினாள். "குளோரினுக்கு ஏழு, ஃபுளோரின் மூணு, மொத்தம் பத்து. அஞ்சு ஜோடி." குளோரின் பெரிய அணு, எட்டைத் தாண்டியும் கணக்கு வைத்துக்கொள்ளும் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஐந்து பலூனைக் கட்டினால் இடுப்பைச் சுற்றி மூன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. "மூணு ஜாயின்ட், ரெண்டு தனி. குண்டா இருக்கிற ரெண்டுக்கும் இடுப்புலதான் இடம் அதிகம், 120 டிகிரி. அதனால அங்க உட்காரும். அப்போ மிச்சம் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு." நிறுத்தினாள். காற்றில் விரலால் வரைந்து பார்த்தாள். "ஆங்கில டி எழுத்து மாதிரி வருது அங்கிள்." நோட்டைத் திறந்தோம். டி வடிவம் என்றுதான் இருந்தது. அவள் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அது மனப்பாடம் பண்ணினதா?" என்று கேட்டார். "இல்லம்மா, நானே போட்டேன்" என்றாள்.

இப்போதைக்கு அவள் சயின்ஸ் குரூப்பிலேயே இருக்கிறாள். பிளஸ் டூ முடித்து பி.காம். சேர்ந்தாலும் எனக்குச் சந்தோஷமே. பயந்துபோய் வரவில்லை என்றால் போதும். பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை "ஏன்?" என்று கேட்டு, உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள், சேர்ந்து தேடலாம் என்று சொல்லுங்கள். உட்காரு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பலூன்களைக் குழந்தைகள் எடுத்துக்கொள்ளலாம். நான்காகக் கட்டியதை மட்டும் பிரிக்காமல் விடுங்கள், அது அந்த அக்காவுக்கு.